சந்தை மூலையில் உங்கள் எதிராளி

உபதேசியாரே,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஈப்போ சந்தையில், நாற்பத்தாறு வயதும் அதற்கு வஞ்சனையில்லாத தொந்தியும் உள்ள நான், பட்டப்பகலில் ஒரு நாட்டுமருந்து வியாபாரியிடம் வம்புக்குப் போனேன். கத்திரிக்காய் வாங்க வந்த இடத்தில், என் வீட்டுக்காரி பக்கத்தில் நிற்கும்போதே.

குற்றம் முழுக்க என்னுடையது அல்ல. அந்த ஆள் அதிமதுர வேரைக் கட்டுக்கட்டாகப் பரப்பி வைத்திருந்தான். இனிப்பும் மண்ணும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் காலம் மாறிப் போய்விட்டது. "மென்னு பாருங்கண்ணே, காக்காய்க்கும் குயில் குரல் வரும்!" என்று கத்தினான். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"அப்போ நீ ஏன்யா இன்னும் மெல்லல?"

சனம் சிரித்தது. நான் பழைய வழக்கப்படி இடுப்பில் கையை ஊன்றி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பதிலுக்காகக் காத்து நின்றேன். "யோவ் தொந்தி, வாங்குறதா இருந்தா வாங்கு, இல்லாட்டி ஜாலான்லா!" என்றுதான் வந்தது. அவன் நடக்கச் சொன்ன பிறகும் நான் நின்றேன். அதுதான் மானக்கேடு. வேறு ஏதோ பதில் வரவேண்டியது பாக்கி இருப்பதுபோல நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "ஒங்களுக்குப் பதில் சொல்ற மனுசன் போய்ச் சேந்துட்டாரு. இனியாவது வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள். அன்றைக்கு வீட்டில் கத்திரிக்காயும் இல்லை, பேச்சும் இல்லை.

நீங்கள் முதன்முதலில் அந்த மூலைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? சந்தைக்குப் பின்பக்கம், அந்தப் பெரிய மரத்தடியில், சனிக்கிழமை சாயங்காலம். ஒரு வெள்ளைக் கோட்டு, கையில் கறுப்பு அட்டைப் புத்தகம், கழுத்தில் தொங்கிய சின்ன ஆர்மோனியம். நான் பின்தெருக் கடைகளின் முன்நடையில், அஞ்சடி என்பார்களே, அங்கே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவன். நெற்றி நிறையத் திருநீறு. வாய் நிறைய வம்பு. ஓய்ந்த நேரத்தில் பத்திரிகைக்குக் கேலிக் கட்டுரை எழுதுகிறவன் என்ற கர்வம் வேறு. ஒரு மனிதன் தெருவில் நின்று பாடிவிட்டுப் பேசுகிறான், அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்குமா?

நீங்கள் உங்கள் சுவாமி தண்ணீர்மேல் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் குரல் விட்டேன். "கடல்ல நடந்தாரு, சரி. நம்ம லகாட் ஈயச் சுரங்கக் குட்டையில நடப்பாரா உபதேசியாரே? அதுல சேறு ஜாஸ்தி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நீங்கள் கோபப்படவில்லை. சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்தீர்கள்.

"நடக்க மாட்டாருண்ணே. எறங்கித் தேடுவாரு. போன வாரம் அந்தக் குட்டையில ஒரு ஆளு விழுந்தாரே, அவர இன்னும் யாரும் எறங்கித் தேடல."

சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. செத்தவன் எந்த ஊர், என்ன சாதி என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது. சுரங்கத்து மேஸ்திரி வேறு ஆளை எடுத்துக்கொண்டான், அதோடு சரி. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கத்தான் இல்லை.

இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்தீர்கள். சண்டைக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து நான் கத்தரிக்கோலைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டேன். நீங்களோ கோட்டைக் கழற்றிக் கொடுத்து, "தோள் கிழிஞ்சிருக்கு, தச்சுக் குடுங்கண்ணே" என்றீர்கள். தைத்து முடித்தபின் மெதுவாக, "வர்ற சனிக்கிழமை வருவீங்களா?" என்று கேட்டீர்கள்.

"நான் எதுக்கு? நான் ஒங்க ஆளு இல்லியே."

"அதனாலதான் கூப்புடுறேன். ஒத்தக் கை தட்டுனா ஓசை வருமா? நீங்க கேட்டதாலதான் சனம் நின்னுச்சு."

"அப்ப என்ன கேக்கணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. வசதியா இருக்கும்."

"ஐயையோ, வேணாம்ணே. சொல்லிக் கேட்டா அது கூத்து. ஒங்களுக்கு என்ன தோணுதோ அதக் கேளுங்க. எனக்குப் பதில் வரலன்னா முழிக்கிறேன். முழிக்கிறதும் சனம் பாக்கட்டும்."

அப்படித்தான் நாம் தொழில் கூட்டாளிகள் ஆனோம். ஒரு கிறிஸ்தவ உபதேசியாருக்கு ஒரு திருநீற்றுத் தையற்காரன் எதிராளி. என் கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியாது; உங்கள் பதில் என்னவென்று எனக்குத் தெரியாது. நீங்கள் கண்மூடிக் கடைசி ஜெபம் சொல்லி முடித்ததும் நான் பின்சந்து வழியாக நழுவிவிடுவேன். நீங்கள் ஆற்றுப் பக்கம் நடப்பீர்கள். சேர்ந்து போனால் சனம் கூட்டு வியாபாரம் என்று சொல்லிவிடும் அல்லவா? எவ்வளவு மழைமேகம் இருந்தாலும் ஐந்து மணிக்கு அந்த மூலை நிறைந்திருக்கும். "இந்த ஊர்ல சினிமாக் கொட்டாய்க்கு அடுத்த கூட்டம் எனக்குத்தான்" என்று என் வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொள்வேன். உங்களுக்கு என்று சொல்லமாட்டேன். எனக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயங்களுக்குப் போவீர்கள். அங்கே உங்களுக்கு எதிராளி கிடையாது. கங்காணி நாயை அவிழ்த்துவிடுவான். பெண்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரை வாசலோடு சேர்த்து உங்கள்மேலும் ஊற்றுவார்கள். திங்கட்கிழமை காலையில் கோட்டு ரப்பர்ப் பால் வாடையோடு என்னிடம் வரும். "நாய் நல்ல நாய்ண்ணே. கோட்ட மட்டுந்தான் கடிச்சுச்சு" என்பீர்கள். கிழிந்ததைத் தைத்துப் போட்டுக்கொண்டு அவசரமாக ரயிலுக்கு ஓடுவீர்கள். எங்கே ஓடுகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. ஊர்வம்பு அத்தனையும் தெரிந்த எனக்கு அது மட்டும் தெரியவில்லை.

தெரிய வைத்தவர் எங்கள் தெரு நாவிதர். அவரும் கூட்டத்தில் தவறாமல் நிற்பவர்தான். அன்று நான் கேட்ட கேள்வி எடுபடவில்லை. சனம் சலித்துக்கொண்டிருந்தது. அவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு கத்தினார். "இவர்ட்ட என்னலா கேள்வி? தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் குடுத்து அனுப்புங்க! அங்கதான் இவரு பேச்சு வெளங்கும்!"

பைத்திய ஆஸ்பத்திரி இருக்கும் ஊர். இந்த வட்டாரத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிப்பு வரும். வந்தது.

நீங்கள் அமைதியாகச் சொன்னீர்கள். "திங்கக்கெழம போறேன்ணே. வாராவாரம் போறேன்."

அதையும் பதிலடி என்று நினைத்து சனம் இன்னும் பலமாகச் சிரித்தது. "சபாஷ் உபதேசியாரே!" என்று நாவிதரே கைதட்டினார். முன்னால் நின்ற நான் மட்டும் உங்கள் விரலைப் பார்த்தேன். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தியபடியே இருந்தது. துருத்தியில் காற்று இல்லை; சத்தம் வரவில்லை.

அந்த வாரம் கோட்டுக்கு அளவெடுக்கும்போது சொன்னீர்கள். லகாட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தபோது பிள்ளைகள் இரண்டும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டன. உங்கள் மனைவி அதற்குப் பிறகு பேசவில்லை. அழவும் இல்லை. ஒருநாள் விடியலில், பிள்ளைகள் மழையில் நனைந்திருக்கும் என்று, காய்ந்த சட்டைகளை எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்த இடத்தில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்களாம், போட்டுவிடுவதற்கு. அதன்பிறகுதான் தஞ்சோங் ரம்புத்தானில் சேர்த்தீர்களாம்.

"மொகத்தப் பாத்தாத் திரும்பிக்கிறாண்ணே. யாரோன்னு பாக்குறா. வாசல்ல நின்னு பாடுனா மட்டும் எந்திரிச்சு வர்றா. கிட்ட வந்து கோட்டப் புடிச்சுக்கிட்டு நிப்பா. என் கொரலத்தான் அவளுக்குத் தெரியுது. என்னயத் தெரியல."

அளவு நாடாவைப் பிடித்திருந்த எனக்கு வேறொன்றும் தெரிந்தது. உங்கள் மார்பளவு முந்தைய அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. "கோட்டு வளந்துருக்கு போல" என்று சிரிப்புக்குச் சொன்னேன். நீங்களும் சிரிக்கப் போனீர்கள். இருமல்தான் வந்தது.

அதற்குப் பிறகுதான் அதிமதுரம். எந்நேரமும் கன்னத்தில் ஒரு துண்டு. சட்டைப்பையில், புத்தகத்தின் நடுவில், ஆர்மோனியப் பெட்டிக்குள். குரல் கரகரத்தது, பிறகு உடைந்தது, பிறகு காற்றானது. பத்துகாஜா ஆஸ்பத்திரியில், காசநோய் மார்பிலிருந்து தொண்டைக்கு ஏறியிருக்கிறது என்றார்கள். கைக்குட்டையை எனக்குத் தெரியாமல் மடிக்கப் பார்ப்பீர்கள். துணியில் பட்ட கறையைத் தையற்காரனிடம் மறைக்க முடியுமா?

உங்களை ஊழியத்துக்கு வைத்திருந்த மிஷன்காரர்கள் கொடுமை செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். கப்பல் டிக்கெட்டும் போட்டு, நாகப்பட்டினத்தில் ஆளும் அனுப்பி ஊருக்குச் சேர்ப்பிக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். குரல் இல்லாத மனிதனை வைத்துக்கொண்டு எப்படித் தெருப் பிரசங்கம் நடத்துவது? அவர்கள் கணக்கில் அது சரி. ஆனால் உங்கள் மனைவியைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். நீங்கள் அந்தப் பக்கம், அவர்கள் இந்தப் பக்கம், நடுவில் கடல். அதன்மேல் நடக்க உங்களுக்குத் தெரியாது.

"சனிக்கிழம பெரிய பாதிரியார் பினாங்குலருந்து வாராரு" என்றீர்கள், கடை வாசலில் நின்று. பேச்சு என்று சொல்ல முடியாது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "நான் இன்னும் பிரசங்கம் பண்ண முடியுமான்னு பாக்குறாரு. முடியலன்னா அடுத்த கப்பல்."

நான் மெஷினை மிதிப்பதை நிறுத்தினேன்.

"கேள்வியக் கொஞ்சம் நீளமாக் கேளுங்கண்ணே" என்றீர்கள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தீர்கள். கூத்து வேண்டாம் என்ற மனிதர் கூத்துக்கு ஆள் கேட்ட ஒரே நாள் அது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு ஆனது என்று எனக்குத் தெரியும். தொண்டை வலியைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. மூலை நிறைந்திருந்தது. பெரிய பாதிரியார் குடையும் தொப்பியுமாக ஓரமாக நின்றார். தென்னாட்டில் சில வருஷம் இருந்தவராம். தமிழ் கேட்டால் புரியும். நீங்கள் ஆர்மோனியத்தை மட்டும் வாசித்தீர்கள். கூடவே பாடத் தெரிந்த இரண்டு பேரைக் கண்ஜாடையால் பாட வைத்தீர்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, வாயைத் திறந்தீர்கள். நான் விடவில்லை.

"நில்லுங்க உபதேசியாரே! இன்னைக்கு ஒங்கள விடுறதா இல்ல! தொண்ணூத்தொம்பது ஆட்ட விட்டுட்டு ஒத்த ஆட்டத் தேடிப் போனாரே ஒருத்தரு, அவருக்குக் கணக்குத் தெரியுமா தெரியாதா? நம்ம தோட்டத்துல ஒரு கங்காணி இப்படிப் பண்ணுனா தொர சும்மா விடுவாரா? லாலாங் புல்லு ஆளு ஒயரத்துக்கு நிக்குது. இருட்டுது. அட்ட கடிக்குது. இந்த மனுசன் முட்டி தேய அதுக்குள்ள பூந்து போறாரு. எதுக்கு? ஒரு ஆட்டுக்கு! கொரல் குடுத்துக் குடுத்துத் தொண்டை கட்டிப்போச்சு. இவரு கூப்புடுறது இப்ப ஆட்டுக்கும் கேக்காது, இவருக்கே கேக்காது. அப்பயும் திரும்பி வர மாட்டேங்குறாரு. ஏன்யா இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம்?"

நான் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறேன் என்பது பாதிக்குமேல்தான் எனக்கே உறைத்தது. முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. கூட்டம் வாய் பிளந்து நின்றது. நீங்கள் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தீர்கள், புத்தகத்தை நெஞ்சோடு வைத்தபடி. பெரிய பாதிரியார் குடையை மடக்கிவிட்டார்.

நிறுத்தத் தெரியாமல் கடைசியாக ஒன்றைக் கேட்டேன். அது கூத்துக்காகக் கேட்டதல்ல. எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

"அந்த ஆட்டுக்கு அவரு யாருன்னே தெரியலன்னா? பக்கத்துல போனாலும் திரும்பிக்கிட்டா? அப்பயும் தேடுவாரா?"

நீங்கள் ஒரு அடி முன்னால் வந்தீர்கள். கூட்டம் அப்படியே அடங்கிப் போனது. காற்று மட்டும் வந்தது, அதில் ஒரு சொல் இருந்தது.

"தேடுவாரு."

அன்று முழுக்க நீங்கள் சொன்னது அவ்வளவுதான்.

பிறகு பெரிய பாதிரியார் உங்களைக் கேட்டதை நீங்களே எனக்கு நடித்துக் காட்டினீர்கள், சிரிப்பும் இருமலுமாக. "அந்தக் கேள்வி கேட்கிற மனிதர் யார்?" என்றாராம். "நமக்கு எதிராளி, ஐயா" என்றீர்களாம். "எதிராளியே இவ்வளவு நன்றாகச் சொல்கிறாரே!" என்று வியந்தாராம். உங்கள் குரல் போனது அவருக்குத் தெரியாமல் இல்லை. "வெயிலில் இத்தனை பேரை இப்படி நிற்கவைக்கிற ஊழியரை நான் எப்படிக் கப்பல் ஏற்றுவேன்? இந்தக் கூட்டம் போதும். நீங்கள் இங்கேயே இருங்கள்" என்றாராம். நான் அதைக் கேட்டு ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை என்னையும் ரயிலுக்குக் கூப்பிட்டீர்கள். ஏன் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் வழக்கப்படி பாடப் போனீர்கள். உதடு அசைந்தது. உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த உங்கள் மனைவி சுவரைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். நீங்கள் இன்னொரு முறை முயன்றீர்கள். பிறகு என் முழங்கையைத் தொட்டீர்கள்.

"பாடுங்கண்ணே."

நானா? என் குரல் எண்ணெய் போடாத மெஷின். அந்தக் கீர்த்தனையில் எனக்குப் பாதி வார்த்தை தெரியாது. ராகம் மட்டும் வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு ஒட்டியிருந்தது. நெற்றித் திருநீற்றோடு நின்று பாடினேன். தெரியாத இடத்தில் லாலா போட்டேன். அந்த அம்மா எழுந்தார்கள். நேராக வந்தார்கள். உங்களைக் கடந்து வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் நிறுத்திவிட்டேன். நீங்கள் நிறுத்தவிடவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு, பாடு பாடு என்று கையால் காட்டினீர்கள், சந்தையில் சனத்தைப் பாட வைப்பதுபோல. அவர்கள் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டீர்கள். அவர்கள் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.  திரும்பும்போது ரயிலில், கம்பார் சந்தையில் மீன் என்ன விலை என்று யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வந்தோம்.

மழை தொடங்கியதும் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்தில் மிஷன்காரர்கள் சிலரும் நாவிதரும் நானும். நாவிதர் ஏங்கி ஏங்கி அழுதார். "வாய்க்கொழுப்புல அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிட்டேன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்கள் அதைப் பகடியாகத்தான் எடுத்துக்கொண்டீர்கள் என்று நான் அவரிடம் பொய் சொன்னேன். உங்கள் கோட்டை உங்களுக்கே போட்டுவிட்டார்கள். கடைசியாகப் பிடித்துத் தைத்திருந்தும் அது பெரிதாகத்தான் இருந்தது.

உபதேசியாரே, இப்போதும் திங்கட்கிழமை ரயிலில் நான்தான் போகிறேன். வீட்டுக்காரி முதலில் முணுமுணுத்தாள். இப்போது அவளே பலகாரம் கட்டித் தருகிறாள். வாசலில் நின்று பாடுகிறேன். மீதி வார்த்தைகளையும் உங்கள் ஆட்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அந்த அம்மா வந்து சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் இறந்ததை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, வாராவாரம்தான் வந்துகொண்டிருக்கிறீர்களே. கோயிலுக்குப் போனால் பூசாரி என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். உங்கள் சபையில் நான் எப்போது சேரப்போகிறேன் என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கேட்பவனாகவே இருந்துவிட்டேன், பதில் சொல்லும் பழக்கம் இல்லை.

ஒன்று பாக்கி. நீங்கள் போன பிறகு அந்த மரத்தடிப் பக்கம் நான் போகவே இல்லை. நேற்று கோப்பெங்கில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சட்டைகளைக் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை, ஐந்து மணி. எங்கே ஏறுவது என்று கேட்டபோது, அந்த மூலைக்குத்தான் போகச் சொன்னார்கள். போனேன். கூட்டம் நின்றது. அதே அளவு. பாதிக்குமேல் அதே முகங்கள். பிரசங்கி இல்லை, பாட்டு இல்லை, மரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். உங்களை நினைத்து நிற்கிறார்கள் என்று எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது.

முன்வரிசையில் எப்போதும் நிற்கும் தோட்டத்துக் கூடைக்காரி என்னைக் கண்டு முகம் மலர்ந்தாள்.

"வாங்க தையக்காரண்ணே! எங்க ஆளயே காணோம்? அந்த ஐயா இருந்தப்ப எவ்வளவு வசதி! பஸ் வர்ற வரைக்கும் பொழுது போறதே தெரியாது."

சற்று நேரத்தில் பஸ் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். நானும் ஏறினேன்.